இறந்தகாலத்தில் வந்த மெசேஜ்

போன ஞாயிற்றுக்கிழமை காலை. முதல் தோசையை ஊற்றியிருந்தேன். பக்கத்து வீட்டில் ஓர் அலறல். அடுப்பை அணைத்துவிட்டு ஓடினேன்.

வசந்தி ஹால் நடுவே சரிந்து கிடந்தாள். அவள் கணவர் கண்ணன் சவுதியில் கட்டட வேலை பார்க்கிறார். அங்கிருக்கும் சூப்பர்வைசர் வாட்ஸ்அப்பில் மெசேஜ் அனுப்பியிருக்கிறார். காலேஜ் படிக்கும் மகள் திவ்யா போனை நீட்டினாள்.

‘கண்ணன் வாஸ் குட் ஒர்க்கர். சைட் ஆக்சிடென்ட். வெரி ஸாரி.’

“இஸ் போடல டீச்சர்... வாஸ்னு போட்டுருக்கு. வாஸ்னா இறந்தகாலம்னு நீங்கதானே சொல்லிக் குடுத்தீங்க?”

நான்தான். இலுப்பூரில் நிறையப் பிள்ளைகளுக்கு டென்ஸ் சொல்லித் தருவது என் டியூஷன்தான். ஆனால், அந்தச் சொல் இப்படி ஒரு வீட்டுக்குள் வந்து உட்காரும் என்று எந்த இலக்கணப் புத்தகம் எச்சரித்தது?

கண்ணனின் போன் சுவிட்ச் ஆஃப். வசந்தியின் கொழுந்தனார் முருகேசன் வாசலில் நின்றபடி திருவரங்குளத்துச் சொந்தங்களுக்கு ஒவ்வொருவராகத் தகவல் சொல்லிக்கொண்டிருந்தார். “பாடி எப்ப வரும்னு தெரியலைங்க...”

எனக்கு மட்டும் ஏதோ உறுத்தியது. மறுபடி படித்தேன். பேப்பர் திருத்துகிற கண் துக்க வீட்டிலும் சும்மா இருக்காது. ‘குட் ஒர்க்க’ருக்கு முன்னால் ‘எ’ எங்கே? ஆக்சிடென்ட் என்றால் யாருக்கு, என்ன ஆனது? வினைச்சொல்லே காணோமே!

மெசேஜ்களை மேலே தள்ளிப் பார்த்தேன். போன மாதம் கண்ணனின் போன் ரிப்பேரானபோது இதே ஆள் ஒன்று அனுப்பியிருந்தார்.

‘ஹி வாஸ் கால் யூ டுமாரோ.’

நாளைக்குக் கூப்பிடப் போகிறவருக்கும் வாஸ்!

“முருகேசன், போனை வைங்க!” — கடைசி பெஞ்ச் வரைக்கும் கேட்கிற குரல் அது. டக்கென்று வைத்துவிட்டார். “இந்த ஆளுக்கு முக்காலமும் வாஸ்தான். இதை நம்பி அழாதீங்க. வசந்தி, எந்திரி. அந்த சூப்பர்வைசருக்கே போன் போடு.”

ரிங் போனது. சூப்பர்வைசருக்குத் தமிழ் தெரியாது. நான் பேசலாமென்று கை நீட்டினேன். வசந்தி தரவில்லை. முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு அவளே கேட்டாள்.

“சார்... கண்ணன் டாக்கிங்? கண்ணன் ஈட்டிங்?”

கேட்டுவிட்டுக் கண்ணை இறுக மூடிக்கொண்டாள்.

“யெஸ், யெஸ்! ஈட்டிங், டாக்கிங்! லெக் ப்ரோக்கன். ஒன்லி லெக்!”

அடுத்த நிமிடம் ஸ்பீக்கரில் கண்ணனே வந்துவிட்டார். “வசந்தி, சாரத்துலருந்து விழுந்துட்டேன். காலுல கட்டுப் போட்டுருக்காங்க. போனு ஒடைஞ்சு போச்சு. ஒண்ணும் பயமில்ல... அங்கிட்டு என்ன ஒரே சத்தமா இருக்கு?”

சத்தமா? அதுவரை நெஞ்சுக்குள் முட்டிக்கொண்டிருந்த அழுகையெல்லாம் அப்போதுதான் வசந்திக்கு உடைத்துக்கொண்டு வந்தது. “காலு ஒடைஞ்சா ஒடையட்டும்... நீங்க இருக்கீங்கள்ல, அது போதும்!” திவ்யா அம்மாவைக் கட்டிக்கொண்டாள். முருகேசன் சுவர்ப் பக்கம் திரும்பி நின்று மூக்கை உறிஞ்சினார். நான்? நானும்தான்.

பிறகு முருகேசன் அத்தனை பேருக்கும் திரும்பப் போன் போட்டார். ஆனாலும், மாலையோடு பஸ் ஏறிவிட்ட ஒரு பெரியப்பா மதியம் வந்து இறங்கிவிட்டார். விஷயம் தெரிந்ததும் மாலையை எங்கே ஒளிப்பதென்று தெரியாமல் அவர் முழித்த முழி இருக்கிறதே... வசந்தி வாய்விட்டுச் சிரித்தாள். இருந்து சாப்பிட்டுத்தான் போகணும் என்று அவரைப் பிடித்து உட்கார வைத்தாள்.

இலக்கணமெல்லாம் அவ்வளவு முக்கியமா டீச்சர் என்று வாசகர்கள் பலர் எழுதிக் கேட்கிறீர்கள். முக்கியம்தான். நாம் சரியாக எழுதுவதற்கு மட்டுமில்லை. அடுத்தவர் தப்பாக எழுதியதைச் சரியாகப் புரிந்துகொள்ளவும்தான். அப்படியும் புரியவில்லையா? கூச்சப்படாமல், தெரிந்த நாலு வார்த்தையில் கேட்டுவிடுங்கள்.

முற்றுப்புள்ளியின் தலைமேல் ஒரு கொக்கி போட்டுப் பாருங்கள் — அது கேள்விக்குறி!