ஒத்திகை என்று நைனாவிடம் யாரும் சொல்லவில்லை

இன்று காலை எங்கள் லைட்ஹவுஸ் குப்பத்தில் சுனாமி ஒத்திகை. சைரன் ஊதியதும் எல்லாரும் புயல் காப்பகத்துக்குப் போக வேண்டும்.

டிகிரி முடித்தவள் என்று அறிவிப்பு மைக்கை என்னிடம் கொடுத்திருந்தார்கள். நேற்று சாயங்காலம் கூச்சத்தில் தலை குனிந்தபடியே தெருத்தெருவாகச் சொல்லி முடித்தேன்.

எங்கள் வாசலில் மட்டும் மைக்கை அணைத்துவிட்டேன். விடியுமுன் கடலுக்குப் போக வேண்டிய நைனா உள்ளே தூங்கிக்கொண்டிருந்தார்.

காலையில் சைரன் ஊதியது. ஊரே காப்பகத்துக்கு நடந்தது. கரைக்கு வந்துகொண்டிருந்த நைனாவின் ஃபைபர் படகு மட்டும் சட்டென்று திரும்பி ஆழத்துக்கு ஓடியது. சுனாமி என்றால் படகு ஆழத்தில்தான் தப்பும் என்பது இங்கே எல்லாருக்கும் தெரியும்.

போன் போகவில்லை. மீன் பிடித்துத் திரும்பும் படகில் டீசல் எவ்வளவு இருக்கும்?

"மைக்குல சொல்றவளே நீதான், உன் நைனாவுக்கு நீ சொல்லியிருப்பேனு நெனச்சேனேடி!" என்று அம்மா காப்பகத்திலேயே கத்தினார்.

மதியம் வேறொரு படகு நைனாவின் படகைக் கயிறு கட்டி இழுத்து வந்தது. அப்போதுதான் எனக்கு மூச்சே வந்தது.

இறங்கியதும் நைனா கேட்டது, "எல்லாரும் நல்லாகீறீங்களா?"

அழுதுகொண்டே நடந்ததைச் சொன்னேன்.

"இன்னாம்மா நீ? எழுப்பியிருந்தா ரெண்டு திட்டு திட்டிட்டுத் தூங்கியிருப்பேன். இப்ப டீசலும் போச்சு, மீனும் போச்சு" என்று சிரித்துவிட்டார்.

அடுத்த ஒத்திகைக்கும் மைக் எனக்குத்தானாம். முதல் அறிவிப்பு நைனாவின் காதோரம்.

ஊரையே எழுப்பிவிட்டு வீட்டில் இருப்பவரை எழுப்பத் தயங்கும் ஆட்கள் வேறு யாராவது இங்கே இருக்கிறீர்களா?