பூட்டுக்காரரின் கோழிக்கூண்டு

தெருவில் யார் வீட்டுச் சாவி தொலைந்தாலும் பூட்டுக்காரரைத்தான் தேடி வருவார்கள். நாற்பது வருடம் பூட்டுகளோடு மல்லுக்கட்டியவர். முழங்கால் மக்கர் பண்ணியதும் கடையை மருமகனிடம் விட்டுவிட்டு, கொல்லைப்புறத்தில் ஆறு கோழி வளர்க்க ஆரம்பித்தார். கடைக்கு வந்தவர்களிடம் பேசியதைவிட அவற்றிடம்தான் அதிகம் பேசினார்.

ஒரே வாரத்தில் இரண்டைக் கீரி கொண்டுபோனது.

“நீங்க வளக்குறது கோழியையா, கீரியையா?” என்றாள் மனைவி. “இன்னும் ஒண்ணு போச்சுன்னா மிச்சத்தைத் தம்பிகிட்ட கொடுத்துடுவேன். அவனாவது ஆக்கித் தின்னட்டும்.”

சொன்னால் செய்கிறவள். அவர் கடைக்குப் போய், இருப்பதிலேயே கெட்டியான பூட்டைத் தேடி எடுத்து வந்தார். கூண்டுக் கதவுக்கு மேலே ஒரு தாழ்ப்பாள், கீழே ஒன்று, நடுவில் பூட்டு. மூன்று தடவை இழுத்துப் பார்த்துவிட்டுச் சாவியை இடுப்பில் செருகிக்கொண்டார்.

மறுநாள் காலை பூட்டு பூட்டியபடியே தொங்கியது. உள்ளே மூன்று கோழிதான் இருந்தன.

“கீரி வந்து சாவி கேக்கும்னு நெனச்சீங்களா?” அவள் சிரிக்கவில்லை. தம்பிக்குப் போன் போட்டு, ஞாயிற்றுக்கிழமை கூடையோடு வரச் சொன்னாள்.

வலிக்கிற முழங்காலை ஊன்றி அவர் கூண்டைச் சுற்றித் தவழ்ந்தார். பின்மூலையில், பலகைக்கு அடியில், கோழியை இழுத்துப் போகும் அளவுக்குப் பள்ளம். இத்தனை வருடமும் திருட்டு என்றால் அவருக்குக் கதவு மட்டும்தான். தரையை அவர் பார்த்ததே இல்லை.

நெருக்கமான கம்பி வலை வாங்கி வந்தார். கூண்டைச் சுற்றி வெளியே ஒரு முழ அகலத்துக்குத் தரையில் படுக்கப் போட்டு, ஓரத்தைப் பலகையோடு ஆணியடித்து, மேலே மண்ணைத் தள்ளினார். இரண்டாவது பக்கத்திலேயே முழங்கால் கைவிட்டது.

“தள்ளுங்க.” மனைவி சுத்தியலை வாங்கி மிச்ச ஆணிகளை அடித்தாள். “இதனால நான் மனசு மாறிட்டேன்னு நெனச்சுக்காதீங்க.”

சனிக்கிழமை காலை, பலகையை ஒட்டி மண்ணெல்லாம் நகக்கீறல். வலை தெரியும்வரை தோண்டிவிட்டுக் கீரி போயிருந்தது. மனைவியே குனிந்து எண்ணினாள். மூன்றும் இருந்தன.

ஞாயிற்றுக்கிழமை தம்பி கூடையோடு வந்து நின்றான். “கோழி எங்கேக்கா?”

“கூண்டுல. சாவி உங்க மாமாகிட்ட. கேட்டுப் பாரு.”

பூட்டுக்காரர் அவள் முகத்தைப் பார்த்தார். பிறகு மெதுவாக இடுப்பைத் தடவினார்.

“எங்கயோ தொலைஞ்சிடுச்சு மாப்ள.”

“நீங்களா மாமா, சாவியைத் தொலைச்சீங்க?”

அக்கா கூடையை வாங்கி, நேற்றைய முட்டை இரண்டை வைத்துத் திருப்பிக் கொடுத்தாள்.