மஞ்சள் பையில் தேங்காய்

அண்ணன் பேரனின் பிறந்தநாளுக்கு ரிட்டர்ன் கிஃப்ட் பார்க்கப் போன கடையில் ஒரு மஞ்சள் துணிப்பையைக் கண்டதும், எழுபதுகளில் நாங்கள் குடியிருந்து, பிறகு இடித்து அடுக்குமாடியாக்கிவிட்ட கல்கத்தா பெஹாலா வாடகை வீடு, பச்சை ஜன்னல்களும் ஈரச் சுவர் வாசனையுமாக நினைவில் எழுந்தது.

தோழிகள் வீட்டுப் பிறந்தநாளில் விசிலும் பலூனும் தருவார்கள். என் பிறந்தநாளுக்கும் அதையே தர வேண்டுமென்று கரியாஹாட் நடைபாதைக் கடைகளில் அம்மாவின் முந்தானையை இழுத்து இழுத்து அழுதேன்.

"ஆத்துக்கு வந்த பொண்கொழந்தைகளுக்கு வெறும் ஊதலைக் குடுத்தா அனுப்பறது?" என்றாள் அம்மா.

கல்யாண வீடு மாதிரி தேங்காயும் வெற்றிலை பாக்கும் போட்ட மஞ்சள் பைகளை அவள் வாசலில் நின்று ஒவ்வொருத்திக்கும் நீட்ட, நான் கதவுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டேன். பள்ளியில் சிரிப்பார்களே என்று மறுநாள் வயிற்றுவலி என்று படுத்துவிட்டேன்.

சாயங்காலம் என் வகுப்புத் தோழி மிட்டு வந்தாள், டப்பா நிறைய வெல்லத் தேங்காய் உருண்டைகளோடு. எங்கள் தேங்காயில் அவள் அம்மா செய்ததாம். மற்றவர்களும் எனக்காக உருண்டை செய்து பள்ளிக்குக் கொண்டுவந்திருந்தார்களாம்.

"மாஷிமா, அடுத்த வருஷமும் தேங்காய்தானே?" என்று அம்மாவிடம் வங்க மொழியில் கேட்டாள். அம்மாவுக்கு முகமெல்லாம் சிரிப்பு.

"வயித்துவலிக்கு ரசஞ்சாதம்தான்" என்று டப்பாவை மேல்தட்டில் வைத்தாள். அறையெல்லாம் வெல்லம் மணக்க, நான் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டேன்.