லாயிட் வைத்த நீலம்

லாயிட் நீமிக்கு எதிலாவது பிடிவாதம் இருந்ததென்றால் அது நிறத்தில்தான். சாப்பாட்டில் இல்லை, வேலைக்கு வந்த இருபத்திரண்டு வருஷமும் மதியத்துக்கு அதே வான்கோழி சாண்ட்விச். சட்டையிலும் இல்லை, மூன்றே சட்டை, மாற்றி மாற்றிப் போடுவான். நிரல் எழுதும் திரைக்கு மட்டும் கருநீலப் பின்னணியா கரும்பச்சையா, எழுத்து வெண்ணெய் நிறமா சாம்பலா என்று மாதம் ஒருமுறை எல்லாவற்றையும் கலைத்துப்போட்டு முதலிலிருந்து தொடங்குவான்.

பெரிய ஏரிக்கரையில் இருக்கும் எங்கள் டுலூத் துறைமுகத்தில் இரும்புத்தாது ஏற்ற வரும் கப்பல்களுக்கு எந்த மேடை, எந்த நேரம் என்று ஒதுக்கித் தரும் நிரல் எங்களுடையது. அதன் முக்கால்வாசியை எழுதியது இரண்டே பேர், லாயிடும் ஹால்வர் ஸ்கோகனும். பதினாறு வருஷம் பக்கத்துப் பக்கத்து மேசை.

"என்ன லாயிட், இந்த வாரம் என்ன கலரு?" என்பான் ஹால்வர். "நீ பேசாம சுவத்துக்குப் பெயிண்ட் அடிக்கப் போயிருக்கலாம்."

"போடா. உன் கண்ணுக்கு எல்லாமே துருப்பிடிச்ச கப்பல்தான்."

நிரலின் வரிகளுக்கு நடுவே மனிதர் படிப்பதற்கென்று குறிப்பு எழுதலாம். கணினி அதைக் கண்டுகொள்ளாமல் தாண்டிப் போய்விடும். திரையில் அதற்கென்று தனி நிறமும் வைத்துக்கொள்ளலாம். நாங்களெல்லாம் சோம்பேறிகள், எழுத மாட்டோம். ஹால்வர் எழுதுவான். 'லாயிட், இந்த வரியில கை வைக்காத, கடிக்கும்.' 'இதை எழுதுறப்ப வெளிய மைனஸ் முப்பது, காபி மெஷின் செத்துப்போச்சு.' லாயிட் படித்துவிட்டுத் தனியாகச் சிரித்துக்கொண்டிருப்பான்.

அப்புறம் அந்தப் பாழாய்ப்போன ஏப்ரல். லாயிட் பல் மருத்துவரிடம் போயிருந்த நேரத்தில் ஹால்வர் அவனுடைய கணினியில் உட்கார்ந்து ஒரு வரியை மாற்றினான். அந்த வரியால் இரண்டு கப்பல்களுக்கு ஒரே மேடை ஒதுக்கப்பட்டு, இரண்டும் ஏரியில் ஒன்பது மணி நேரம் நின்றன. பதிவில் இருந்தது லாயிடின் பெயர். கூட்டத்தில் எல்லார் முன்னாலும் மேலதிகாரி அவனைக் கிழிகிழியென்று கிழித்தார். எதிரே உட்கார்ந்திருந்த ஹால்வர் தன் காபிக் கோப்பையையே பார்த்துக்கொண்டிருந்தான். வாயைத் திறக்கவில்லை.

"ஒரே ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம், மார்னி. பதினாறு வருஷம்!" என்று என்னிடம் சொன்னபோது லாயிடுக்குக் குரல் உடைந்துவிட்டது.

அன்றோடு பேச்சு நின்றது. மேசையை ஜன்னல் பக்கம் நகர்த்திக்கொண்டான். அதே வாரம் திரைக்குப் புதிதாக ஓர் ஆழ்நீலம் வந்தது. அதன் பிறகு அவன் நிறத்தை மாற்றவே இல்லை. "அப்பாடா, ஒருவழியா செட்டில் ஆயிட்டான்" என்று நாங்கள் கேலி பேசினோம்.

அந்த ஏப்ரலுக்குப் பிறகு, எங்களிடம் யார் எதை மாற்றினாலும் இன்னொருவர் படித்து ஒப்புதல் கொடுக்க வேண்டும் என்று ஆனது. ஹால்வர் எழுதுவதைப் படிப்பவள் நான். ஜூனில், லாயிட் தினமும் திறக்கும் கோப்பின் நடுவே ஹால்வர் இப்படி எழுதியிருந்தான்: 'லாயிட், அன்னிக்கு வாய மூடிக்கிட்டு இருந்தது மகா தப்பு. பயந்துட்டேன். மேலதிகாரிகிட்ட உண்மைய சொல்லிட்டேன், முடிஞ்சத விடுன்னுட்டாரு. மன்னிச்சுடு.'

இரண்டு தடவை படித்தேன். எங்கள் ஊர் ஆம்பிளைகளுக்கு இந்த மாதிரிப் பேச்செல்லாம் முகத்துக்கு நேராக வராது. அவன் எழுதியதே பெரிய காரியம். ஒப்புதல் கொடுத்துவிட்டு லாயிடையே பார்த்துக்கொண்டிருந்தேன். கோப்பைத் திறந்தான், வேலை செய்தான், மூடினான். முகத்தில் ஒன்றுமே இல்லை.

ஆகஸ்டில் இன்னொன்று: 'வெள்ளிக்கிழமை சாயங்காலம் பாலத்துக்குப் பக்கத்துக் கடையில இருப்பேன். வாடா.'

அந்த வெள்ளிக்கிழமை லாயிட் நேராக வீட்டுக்குக் காரை ஓட்டிக்கொண்டு போய்விட்டான். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. திங்கட்கிழமை கேட்டேவிட்டேன்.

"ஏன்யா, அவன் அவ்ளோ இறங்கி வந்தப்புறமும் உனக்கு என்ன வீம்பு?"

"எங்க இறங்கி வந்தான்?" என்றான்.

நடிக்கிறான், கல்நெஞ்சுக்காரன் என்று எழுந்து போய்விட்டேன்.

டிசம்பரில் ஹால்வர் ஓய்வு பெற்றான். கேக் வெட்டினோம். லாயிட் வரவில்லை. "அவனுக்கு இன்னும் ஆறல போல. விடு மார்னி" என்று சொல்லிச் சிரித்துக்கொண்டே ஹால்வர் கண்ணைத் துடைத்துக்கொண்டான். மார்ச்சில் வீட்டு வாசலில் பனி அள்ளிக்கொண்டிருந்தவன் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு விழுந்தான். அவ்வளவுதான், போய்விட்டான். அடக்கத்துக்கு லாயிட் வந்து கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்தான்.

இந்த அக்டோபரில் லாயிடுக்கு இரண்டு கண்ணிலும் புரை எடுத்தார்கள். இருட்டுத் திரை இனி ஆகாது, வெள்ளைப் பின்னணி வைத்துக்கொள் என்று மருத்துவர் சொல்லிவிட்டார். வேலைக்குத் திரும்பிய அன்று முணுமுணுத்துக்கொண்டே கணினியிலேயே தயாராக இருந்த ஏதோ ஒரு வெள்ளை நிறத் தொகுப்பைத் தேர்ந்தெடுத்தான். சாண்ட்விச் நேரத்தில் "மார்னி, இங்க வா" என்று கூப்பிட்டான். குரலே சரியில்லை.

வெள்ளைத் திரையில் ஹால்வரின் குறிப்புகள் ஆரஞ்சு நிறத்தில் பளிச்சென்று தெரிந்தன. ஜூன், ஆகஸ்ட். அவற்றுக்குக் கீழே, டிசம்பரில் எழுதியது: 'சரிடா, நாளையோட கிளம்புறேன். கோவம் தீர்ந்தா கூப்பிடு. நம்பர் அதேதான்.'

"இது எப்பலேருந்து இங்க இருக்கு?"

"ஐயோ லாயிட், நீ இதப் பாக்கவே இல்லையா?"

அவன் பழைய நீலத்தைத் திரும்பக் கொண்டுவந்து காட்டினான். குறிப்புகள் இருந்த இடத்தில் வெறும் நீலம்தான் இருந்தது.

"பின்னணிக்கும் குறிப்புக்கும் ஒரே கலரு. நான்தான் வெச்சேன். அவன் எழுத்தப் பாத்தா தாங்க முடியல, மார்னி."

பிறகு என் முகத்தைப் பார்த்தான். "நீ பாத்தியா?"

"பாத்தேன்."

"நான் படிச்சும் பேசாம இருக்கேன்னு நெனச்சுக்கிட்டேதான் அவன் செத்தானா?"

அறுபது வயசு ஆள், மேசையில் தலையைக் கவிழ்த்து விம்மி விம்மி அழுதான். சாண்ட்விச் பிரிக்காமலே கிடந்தது. அந்தத் திங்கட்கிழமை நான் விருட்டென்று எழுந்து போகாமல் இன்னும் ஒரு வார்த்தை கேட்டிருக்கக் கூடாதா? பாவி, ஒரே ஒரு வார்த்தை!

மறுநாள் காலை என் ஒப்புதலுக்கு லாயிடிடமிருந்து ஒரு மாற்றம் வந்தது. ஆகஸ்ட் குறிப்புக்குக் கீழே ஒரே ஒரு வரி சேர்த்திருந்தான்.

'வரேன்டா. இப்பத்தான் பாத்தேன்.'

ஒப்புதல் பொத்தானை அழுத்த எனக்கு அரை மணி நேரம் ஆயிற்று.