இரண்டாவது வாளி

நேற்றுக் காலை குளியலறையில் திடுக்கிட்டு நின்றேன். சிறுநீர் சிவந்திருந்தது. முந்தைய நாள் பீட்ரூட் பொரியலை மூன்று முறை கேட்டு வாங்கி உண்டது நினைவுக்கு வந்ததும், ஓய்வுபெற்ற தொற்றுநோய் மருத்துவனான என் அச்சம் தணிந்தது. ஆனால் அந்த நிறம், நண்பரே, அதற்குள் என்னை வேறோர் இடத்திற்கு இழுத்துச் சென்றுவிட்டது.

காசநோய் மாத்திரை உண்பவர்க்குச் சிறுநீர் செம்மஞ்சளாகும். மைசூரில் எங்கள் மருத்துவமனைக்கு வரும் தமிழ்க் கட்டடத் தொழிலாளர்களிடம் அதை முன்கூட்டியே சொல்வது அப்போது என் பொறுப்பாக இருந்தது. தமிழ் தெரிந்த மருத்துவன் என்ற செருக்கும் எனக்குச் சிறிது உண்டு. "மாத்திரையோட நிறம்மா அது. இதுல வெட்கப்பட ஒண்ணுமில்ல" என்பேன்.

கௌதள்ளி என்ற சிற்றூரிலிருந்து வந்து செங்கல் சுமந்த செல்லம்மாள் அதைத் தலைகுனிந்தே கேட்டுக்கொண்டாள். அவள் குடியிருந்த வரிசை வீடுகள் அனைத்திற்கும் ஒரே கழிப்பறை. அடுத்த முறை மருந்துக்கு வந்தபோது, தனக்குப் பின் வருபவர் கண்ணில் நிறம் படாதிருக்க ஒவ்வொரு முறையும் இரண்டு வாளி தண்ணீர் ஊற்றுவதாகவும், தண்ணீரை வீணாக்குகிறாள் என்று பக்கத்து வீட்டார் ஏசுவதாகவும் சொன்னாள். நான் சிரித்தேன். வாய்விட்டே சிரித்தேன்.

சில மாதங்களில் எனக்கும் இருமல் வந்தது, அதே நோய். வயிற்றுக்கோளாறு என்று எழுதிக்கொடுத்து விடுப்பில் சென்றேன். நான் நாள்தோறும் அமரும் அறைக்கு வெளியே நோயாளியாக நிற்க மனம் ஒப்பவில்லை. முகத்தில் கைக்குட்டையைக் கட்டிக்கொண்டு குண்டலுபேட்டைக்குப் பேருந்தேறி, அங்குள்ள சிறு மருத்துவமனையில் மாதப்பா என்ற பொய்ப்பெயரில் பதிந்துகொண்டேன்.

பினாயில் வாடையடிக்கும் அந்தத் தாழ்வாரத்தில் ஒருநாள் மருந்துக்குக் காத்திருந்தபோது, பின்னாலிருந்து குரல் வந்தது.

"ஏனுங்க டாக்டரு, இங்கீயும் நீங்கதானுங்களா?"

செல்லம்மாள். கட்டட வேலை அவளை அவ்வூருக்குக் கொண்டுவந்திருந்தது. மருந்தையும் அங்கேயே தொடர்ந்தாள். அதற்குள், என் முகமறியாத புது மருந்தாளுநர் "மாதப்பா" என்றழைத்தார். என் கால் தானாக ஓரடி முன்னே சென்று நின்றுவிட்டது. அவள் என் காலைப் பார்த்தாள். பிறகு கைக்குட்டையைப் பார்த்தாள்.

அடுத்த கணமே அவள் மருந்தாளுநரிடம் கன்னடத்தில், இவர் மைசூரிலிருந்து மேற்பார்வைக்கு வந்த பெரிய மருத்துவர் என்று அறிவித்தாள். நாற்காலி வந்தது, தேநீர் வந்தது. மருந்துகளை ஈரம் படாமல் வைத்திருக்கிறீர்களா என்று நானும் கேட்டுவைத்தேன். என் மாத்திரைப் பொட்டலம் அலமாரிக்குத் திரும்பிச் செல்வதைத் தேநீர்க் கோப்பைக்கு மேலாகப் பார்த்துக்கொண்டிருந்தேன். மருந்தில்லாமல் எப்படித் திரும்புவது? அப்போது செல்லம்மாள், மாதப்பா தன் ஊர்க்காரர், தானே கொடுத்துவிடுவதாகச் சொல்லிப் பொட்டலத்தை வாங்கிக்கொண்டாள்.

பேருந்து நிலையத்தில், முந்தானைக்குள்ளிருந்து அதை எடுத்து என் கையில் வைத்தாள். முகத்தில் கேலி இருந்ததா என்று பார்க்க நான் நிமிரவில்லை.

"மாதப்பங்கிட்டக் குடுத்துருங்க. ரெண்டு வாளி ஊத்தச் சொல்லுங்க."

பணிக்குத் திரும்பிய பின், வெட்கப்பட ஒன்றுமில்லை என்று நான் யாரிடமும் சொன்னதில்லை. தண்ணீரைக் கூடுதலாக ஊற்றிக்கொள்ளுங்கள் என்று மட்டும் சொல்வேன்.

அந்த வரிசை வீடுகள் இருந்த இடத்தில் இப்போது அடுக்ககம் நிற்கிறது. செல்லம்மாளை நான் மீண்டும் காணவில்லை. நேற்று அந்தச் செம்மையைக் கண்டதும் என் கை வாளியைத் தேடியது. எங்கள் குளியலறையில் வாளி வைக்கும் வழக்கம் நின்று நெடுங்காலமாகிறது. தண்ணீர் பாய்ச்சும் சுவர்ப் பொத்தானை அழுத்தினேன். வீட்டில் வேறு யாரும் இல்லை. ஆயினும் மறுமுறையும் அழுத்தினேன்.