கோளத்தைத் தொட்டால் என்ன நடக்கும்?

அமுதா சீப்பைத் தலையில் தேய்த்துத் தேய்த்துக் காகிதத் துணுக்குகளின் மேல் நீட்டிக்கொண்டிருந்தாள், ஒன்றுகூட எழும்பவில்லை. இயற்பியல் நடத்துகிறவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை, மற்ற பாடங்களுக்குப் புத்தகம் போதும், நிலைமின்னியலுக்கு வெயிலும் வேண்டும்.

எண்ணெய்

தொண்ணூறுகளின் நடுவில் பத்து பெரண்டாம் என்ற ஊர்ப் பக்கம் ஒரு பள்ளியில் படிவம் நான்குக்கு, அதாவது பதினாறு வயதுப் பிள்ளைகளுக்கு, இயற்பியல் ஆசிரியராக வேலை பார்த்தேன். பாடம் மலாயில், சந்தேகங்கள் தமிழில். அன்று வெளியே மழை, ஈரக்காற்றில் மின்னூட்டம் தங்காது. போதாததற்கு அமுதாவின் தலையில் வழிய வழியத் தேங்காயெண்ணெய். ஆனால் சோதனை அறிக்கையில் ‘காகிதம் ஈர்க்கப்பட்டது’ என்று அழகாக எழுதியிருந்தாள். எங்கே ஈர்த்தது என்று கேட்டேன்.

“புக்குல ஈர்க்குது சார். ஒட்டலைன்னு எழுதினா மார்க் போயிடும்லா.”

காலி டின்

மின்னூட்டமே இல்லாத காகிதத்தைச் சீப்பு ஏன் இழுக்கிறது? வருஷா வருஷம் கேட்கிற கேள்வி. நடுநிலை என்றால் இரண்டு வகையும் சம அளவில் இருக்கின்றன என்று பலகையில் எழுதினேன். முதல் வரிசை முருகன் அதை அப்படியே நோட்டில் எழுதிக்கொண்டான். புரிந்ததா என்றேன்.

“புரிஞ்சிருச்சு சார். நியூட்ரல்னா உள்ள ஒண்ணுமே இல்ல, காலி டின் மாதிரி.”

தரை

புவியிணைப்பு நடத்திய அன்று, அதிகப்படியான மின்னூட்டம் தரைக்குப் போய்விடும் என்று சொல்லி முடித்தேன். அமுதா கை தூக்கினாள். அவளுக்கு அந்தப் பாடம் பிழைப்பு மாதிரி. அரையாண்டுத் தேர்வில் இயற்பியலில் நாற்பது வாங்காவிட்டால் அறிவியல் பிரிவிலிருந்து கலைப்பிரிவுக்கு மாற்றிவிடுவார்கள்.

“இத்தனை வருஷமா எல்லாம் கீழ போய்க்கிட்டே இருக்கே, தரை எப்ப சார் நிறையும்?”

வகுப்பு சிரித்தது. நானும் சிரித்தேன். பின்வரிசையிலிருந்து ஒரு குரல் வந்தது.

“உன் தலையில உள்ள எண்ணெய் காயுறப்ப நிறையும்லா!”

முப்பத்தெட்டு

அரையாண்டில் அமுதாவுக்கு முப்பத்தெட்டு. பெற்றோரைப் பார்க்கும் நாளில் அவள் அம்மா எலக்ட்ரானிக்ஸ் ஃபேக்டரியின் நீலச் சட்டையோடு, அரைநாள் லீவு போட்டு, குருபோங்கிலிருந்து வந்திருந்தார். அமுதா பக்கத்தில் நின்றாள். நிலைமின்னியல் வரவில்லை என்றேன்.

“ஸ்டேட்டிக்கா சார்? அதுக்குத்தான் எங்க லைன்ல கையில பட்டை போட்டு, ஒயரைத் தரையில சேர்க்கிறோம். போடலைன்னா சூப்பர்வைசர் கத்துவா, ஐசி சிப்பு செத்துப்போயிரும்னு.”

விடைத்தாளைத் திருப்பி ஒரு சிவப்புக் கோட்டைத் தொட்டார். பாசிட்டிவ் மின்னூட்டம் உள்ள உலோகக் கோளத்தை விரலால் தொட்டால் என்ன நடக்கும்? இரண்டு மதிப்பெண். ‘தரையிலிருந்து எலக்ட்ரான்கள் கோளத்துக்கு ஏறும்’ என்று எழுதியிருந்தாள். நான் தயாரித்த விடைப்பட்டியலில், ‘பாசிட்டிவ் மின்னூட்டம் தரைக்கு இறங்கும்.’

“எல்லாரும் கீழ போகும்னு எழுதியிருக்காங்க, நீ மட்டும் ஏன் மேல ஏத்தின?” என்றேன்.

அமுதா செருப்பைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்: “புரோட்டான் நகராதுன்னு நீங்கதான சார் சொன்னீங்க. அப்புறம் கீழ இறங்க என்ன இருக்கு? அம்மா கையில கட்டுற ஒயர்ல ரெண்டு பக்கமும் போகலாம்லா.”

விடைப்பட்டியலில் என் வரியைச் சிவப்பு மையால் அடித்தேன். முப்பத்தெட்டை அடித்து நாற்பது என்று எழுதி, பக்கத்தில் கையெழுத்துப் போட்டேன். அவள் அம்மா எண்ணைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

“அப்ப சயன்ஸ்லயே இருப்பாளா சார்? இல்லைன்னா இப்பவே சொல்லிருங்க, லைன்ல என் பக்கத்துல ஒரு நாற்காலி காலியா இருக்கு.”

இருப்பாள் என்றேன். ஆக, அந்த வருஷம் நிலைமின்னியலில் மறுதேர்வு எழுதியிருக்க வேண்டியவன் நான் ஒருவன்தான். அவர்கள் பஸ்ஸுக்குக் கிளம்பியதும், மறுபடி திருத்த மற்ற விடைத்தாள்களின் கட்டை அவிழ்த்தேன்.