இரண்டு கையும் ஸ்டீயரிங்கில்

மாலை ஐந்தரைக்குப் புஷ்பவல்லி அக்கா செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்துவிட்டு, வீட்டு முன்கூரையின் கீழ் நிற்கும் பழைய காருக்குள் ஏறி, கதவைச் சாத்திக்கொண்டு ஓட்டத் தொடங்குவார். கார் நகராது. சாவியே போட்டிருக்க மாட்டார். ஆனாலும் கண்ணாடி பார்ப்பார், தோளுக்கு மேல் திரும்பிப் பார்ப்பார், கிளட்சை மிதித்து கியர் மாற்றுவார், யாருக்கோ வழிவிட்டுத் தலையசைப்பார். அரை மணி நேரம் கழித்து இறங்கும்போது முகமெல்லாம் வியர்த்திருக்கும். பக்கத்து வீட்டில் துணி எடுத்துக்கொண்டே நான் இதைப் பார்ப்பேன்.

"அக்கா, இன்னிக்கு எதுவரைக்கும் போனீங்க?"

"ஜெஞ்சாரோம் வரைக்கும் போயிட்டு வந்துட்டேன் லா. ஒரே ஜாம்."

கேலியைக் கேலியாகவே திருப்பித் தருகிறவர். வயது ஐம்பத்தாறு. மேருவில் ஒரு கையுறைத் தொழிற்சாலையில் இருபத்திரண்டு வருடமாக வேலை. கையுறையில் தண்ணீர் நிரப்பித் தூக்கிப் பார்த்து ஓட்டை கண்டுபிடிக்க வேண்டும். ஊசி முனையளவு ஓட்டையும் அவர் கண்ணுக்குத் தப்பாது என்பார்கள். அப்படிப்பட்டவருக்கு ஸ்டீயரிங் என்றால் மட்டும் பயம்.

ஏன் இந்த வயதில் இந்த வம்பு என்று எங்கள் தாமான் குடியிருப்பில் கேட்காத ஆளில்லை. காரணம் வேலாயுதம் அண்ணன். அக்காவின் கணவர். முப்பது வருடம் துறைமுகத்துக்கு லோரி ஓட்டியவர். இனிப்பு நீர் வியாதி முதலில் சிறுநீரகத்தைப் பிடித்தது, பிறகு கண்ணை. இப்போது வெளிச்சமும் நிழலும் மட்டும்தான் தெரிகிறது. செவ்வாய், வியாழன், சனி, காலை ஏழு மணிக்குக் கிள்ளானில் ரத்தச் சுத்திகரிப்பு. மகள் தாமரை வேலைக்குப் போகும் வழியில் விட்டுவிட்டுப் போவாள். அவளுக்கு டிசம்பரில் தெற்கே ஜொகூருக்கு மாற்றல்.

வாடகைக் கார் கிடைக்காதா? கிடைக்கும். ஒரு முறை அப்படித்தான் கைப்பேசியில் கூப்பிட்ட காரில் திரும்பி வந்தார்கள். சுத்திகரிப்பு முடிந்தால் அண்ணனுக்குத் தலை சுற்றும். அன்று வாந்தியும் வந்து இருக்கை நனைந்துவிட்டது. ஓட்டிவந்த பையன் திட்டவில்லை. நான்கு கண்ணாடிகளையும் இறக்கிவிட்டானாம்.

"அவன் ஏசியிருந்தாக்கூடப் பரவால்ல தங்கச்சி. இவரு மொகத்தத்தான் பாக்க முடியல. லோரி ஓட்டுன மனுசன்" என்றார் அக்கா. மறுநாளே எல் லைசென்ஸுக்குப் பெயர் கொடுத்துவிட்டார்.

"எத்தனை நாள்ல கத்துக்கலாம்?" என்பதுதான் முதல் நாள் அவர் கேட்ட கேள்வி. சொல்லிக்கொடுக்க வந்தவள் ஷாமினி. இருபத்தேழு வயது, கறுப்புக் கண்ணாடி, எப்போதும் ஏதாவது மென்றுகொண்டிருப்பாள்.

"காடி ஓட்டக் கத்துக்கப் பத்து நாளு போதும் ஆன்டி. உங்க பயத்துக்கு நான் டைம் சொல்ல மாட்டேன்."

நான் பதினெட்டு வயதில் ஒரே தடவையில் பாஸ் பண்ணியவள். அதே வாரம் பக்கத்துத் தெரு வீட்டின் தபால்பெட்டியை இடித்துச் சாய்த்தவளும் நான்தான். அதனால் எனக்கு இதில் கருத்துச் சொல்லும் தகுதி உண்டு என்றே நினைத்துக்கொண்டிருந்தேன். மூன்று மாதம் என்றேன். மூன்று மாதத்தில் அக்கா ரவுண்டபௌட்டை ஒருமுறைகூட முழுதாகச் சுற்றவில்லை. நடுவில் நின்றுவிடுவார். பின்னால் ஹாரன் அடித்தால் கண்ணாடியை இறக்கித் தலையை வெளியே நீட்டி, "சோரி, சோரி, கத்துக்கிறேன்" என்பார். எல் பலகை முன்னாலும் பின்னாலும் தொங்குவது போதாது என்று நினைத்தாரோ என்னவோ.

செருப்புக் கதை இன்னொன்று. வெறுங்காலில்தான் கிளட்ச் தெரிகிறதாம். வீட்டுக்குள் நுழைவதைப் போல வெளியே கழற்றிவிட்டு ஏறுவார். ஒருநாள் பயிற்சிக்கு நடுவே சாலையோரக் கடையில் நிறுத்தித் தண்ணீர் குடித்துவிட்டு, கடை வாசலிலேயே செருப்பை விட்டுவிட்டு வந்துவிட்டார். ஷாமினி வீட்டு மதில்மேல் கைவைத்துக்கொண்டு சிரித்துச் சிரித்துச் சொன்னாள். "யூ-டர்ன் போடுங்க ஆன்டின்னு ஒரு மாசமா கெஞ்சினேன். அன்னிக்கு செருப்புக்காகப் போட்டாங்க பாருங்க, சூப்பரா!"

முதல் தேர்வில் மேட்டில் தோற்றார். மஞ்சள் கோட்டில் நிறுத்தி, கைப்பிரேக்கைப் போட்டு, மறுபடி ஏற வேண்டும். கார் பின்னால் உருண்டதும் அக்கா பிரேக்கை விட்டுவிட்டு, "ஐயோ, நில்லுடா சாமி" என்று கத்தியிருக்கிறார். அன்று வந்து அழவில்லை. மாலை ஐந்தரைக்கு வழக்கம்போல் கூரையடியில் நிற்கும் காரில் ஏறினார். அண்ணன் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்துகொண்டார்.

"கிளட்ச் பாதி வந்ததும் காடி லேசா மூக்கத் தூக்கும் வல்லி. அது தூக்குன பெறகு கைப்பிரேக்க விடு."

"எஞ்சின் ஆஃப்ல இருக்குங்க. எப்படித் தூக்கும்?"

"நான் சொல்றேன். இப்ப தூக்கிருச்சு. விடு."

இரண்டாவது தேர்வில் மேடு ஏறிவிட்டார். பக்கவாட்டில் நிறுத்திவிட்டார். மூன்று திருப்பமும் சரி. சாலைத் தேர்வு மட்டும் பாக்கி, அதுவும் வேலைக்குப் போய்ப் பழகிய மேரு சாலை; பயிற்சியில் மட்டும் அந்தப் பக்கம் போனதில்லை. அங்கேதான் வினை.

அந்தச் சாலையோரத்தில் ஒரு மரத்தடி முனீஸ்வரர் இருக்கிறார்; எங்கள் வாயில் முனியாண்டி. தகரக் கூரை, ஒரு வேல், சிவப்புத் துணி. அக்கா கல்யாணமாகி வந்த நாளிலிருந்து அந்த இடம் வந்தால் இரண்டு கையையும் கூப்பி, கண்ணை மூடி, ஒரு நொடி கும்பிட்டுவிடுவார். பேருந்தில் போனாலும் சரி, மடியில் குழந்தை இருந்தாலும் சரி. அண்ணன் கும்பிட மாட்டார். "நான் ஸ்டீயரிங்கப் பாத்துக்குறேன். நீ எனக்கும் சேத்துக் கும்பிட்டுரு" என்பாராம். முப்பது வருடமாக அவர்களுக்குள் இதுதான் ஏற்பாடு.

தேர்வு நாளன்று மரம் வந்தது. அக்காவின் இரண்டு கையும் தாமாக எழும்பின. கண் மூடியது. மூன்றாவது கியரில் கார் தன் பாட்டுக்குப் போய்க்கொண்டிருந்தது.

பக்கத்திலிருந்த அதிகாரி நல்ல மனிதர். சட்டென்று ஸ்டீயரிங்கைப் பிடித்துக்கொண்டு, "புவான், தங்கான் மானா?" என்று மட்டும் கேட்டாராம். அம்மா, கை எங்கே என்று அர்த்தம்.

அக்கா தோற்று வந்து இதைச் சொன்னதும் எனக்குச் சிரிப்பு தாங்கவில்லை. ஷாமினி தரையிலேயே உட்கார்ந்துவிட்டாள். அக்காவும் எங்களோடு கொஞ்சம் சிரித்தார். பிறகு திடீரென்று முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு அழ ஆரம்பித்துவிட்டார். பத்து மாதத்தில் அவர் அழுது அன்றுதான் பார்த்தேன். நவம்பர் பிறந்திருந்தது. தாமரை பெட்டி கட்டத் தொடங்கியிருந்தாள்.

"கும்பிடாம போங்க ஆன்டி. சாமி கோவிச்சுக்கவா போறாரு?" என்றாள் ஷாமினி.

"உனக்குத் தெரியாது லா. அவரு லோரில போன அத்தன வருசமும் நல்லபடியா வீட்டுக்கு வந்தாருன்னா, அது இந்தக் கும்பிடுதான். இப்ப அவரு ஒடம்பு இருக்கிற நெலமைல நிறுத்தச் சொல்றியா?"

ஷாமினி மெல்வதை நிறுத்திவிட்டாள். பயம் மேட்டிலும் இல்லை, ரவுண்டபௌட்டிலும் இல்லை. நான் பத்து மாதமாகத் தப்பான இடத்தைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்திருக்கிறேன். வெட்கமாக இருந்தது.

அந்த ஞாயிற்றுக்கிழமை பசியாறிய கையோடு என் வீட்டு வாசலில் வந்து நின்றார். கையில் எலுமிச்சம்பழமும் ஒரு சுருட்டும். "முனியாண்டிகிட்ட ஒரு வார்த்த பேசணும். கொண்டு போய் விடுறியா?"

மரத்தடியில் சுருட்டைப் பற்றவைத்து வைத்துவிட்டு, முதலாளியிடம் விடுப்பு கேட்கிற குரலில் பேசினார்.

"சாமி, இனிமே நான் இந்தப் பக்கம் வந்தா கை ரெண்டும் ஸ்டீயரிங்லதான் இருக்கும். கண்ணும் ரோட்டுலதான். மதியாம போறேன்னு நெனச்சிறாதீங்க. கோவம் வந்தா என்மேல காட்டுங்க. அவருமேல காட்டிறாதீங்க."

லோரிகள் போய்க்கொண்டிருந்தன. சுருட்டு பாதி எரியும்வரை நின்றுவிட்டு, "சரி, போலாம்" என்றார். திரும்பி வரும்போது அவர் என்னை ஓட்டக் கற்றுக்கொள்கிற பிள்ளையைப் பார்ப்பதுபோல் பார்த்து, "சிக்னல் போட மறந்துட்ட தங்கச்சி" என்றார். மறந்துதான் போயிருந்தேன்.

மூன்றாம் தேர்வில் பாஸ். மரம் வந்தபோது என்ன செய்தீர்கள் என்று கேட்டேன். "உதட்டக் கடிச்சிக்கிட்டேன்" என்றார். மொத்தம் பதினொரு மாதமும் ஆறு நாளும். கேட்கிறவர்களிடம் ஒளிக்காமல் அதைச் சொல்லுவார். சிலர் சிரிப்பார்கள், அவருக்கு அதுபற்றிக் கவலையில்லை.

தாமரை ஜொகூருக்குப் போன பிறகு வந்த முதல் செவ்வாய்க்கிழமை. "பின்னாடி சும்மா உக்காந்து வா, போதும். வாயத் தொறக்கக் கூடாது" என்று அக்கா என்னையும் ஏற்றிக்கொண்டார். அதே பழைய காரின் கண்ணாடியில், புதிதாக ஓட்டுபவர் என்று காட்டும் பி ஒட்டியிருந்தது. செருப்பு இந்த முறை இருக்கைக்கு அடியில், ஒரு பையில். அண்ணன் இடப்பக்கம் இஸ்திரி போட்ட சட்டையில் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார். கார் மூக்கைத் தூக்கியது, அக்கா கைப்பிரேக்கை விட்டார், புறப்பட்டோம். நாற்பதுக்கு மேல் போகவில்லை. எங்களை முந்தாத வண்டி இல்லை.

மேரு சாலையில் கொஞ்ச தூரம் போனதும் அக்காவின் கைகள் ஸ்டீயரிங்கை இறுக்கிப் பிடிப்பதைப் பார்த்தேன். விரல் முட்டிகள் வெளுத்துவிட்டன. உதடும் உள்ளே போயிருந்தது.

"வல்லி, முனியாண்டி வந்துட்டாரா?" என்று கேட்டார் அண்ணன்.

"வராருங்க. உங்க பக்கந்தான்."

"நீ ஸ்டீயரிங்கப் பாத்துக்க."

அண்ணன் கண்ணாடிப் பக்கமாகத் திரும்பி, ஊசித் தழும்பேறிய இடது கையை வலது கையோடு சேர்த்து மார்புக்கு நேரே கூப்பினார். மரம் வந்தது, கடந்து போனது. அது அவருக்குத் தெரியவில்லை. நாங்களும் சொல்லவில்லை. அடுத்த சிவப்பு விளக்கில் கார் நிற்கும்வரை அவர் கையை இறக்கவே இல்லை.